ஒன்பது பெரிசா, பதினாலு பெரிசா?

ராசிபுரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் மேட்டுமடம் இருக்கிறது. மடம் என்றதும் கோபுரம், குளம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த கூடம் ஒன்று, கிணறு ஒன்று, மாட்டுக்கொட்டகை ஒன்று, அவ்வளவுதான். அங்கே குருவாக இருந்தவர் ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊர் அவரை அம்மா என்றது. அதனால் அவரைவிட வயதில் மூத்தவர்களும் அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிட்ட மூத்த சீடர்களில் ஒருவர் தணிகாசலம். டவுனில் வண்டிக் கடன் கொடுக்கிற ஒரு பைனான்ஸ் கம்பெனியின் கிளை மேனேஜர். பல வருஷமாக ஞாயிறு தவறாமல் மடத்துக்கு வருகிறவர். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம், கூடத்தில் முன்வரிசையில் இடம். அவரை நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அவரிடம் கடன் வாங்காதவர்கள்.

அந்த வாரம் அவரால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா வெண்டைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கையில் மண்வெட்டி. தணிகாசலம் வரப்பிலேயே விழுந்து கும்பிட்டார். வேட்டியில் சேறு ஒட்டியது.

"கடுங்காப்பிதான் இருக்கு. குடிக்கிறீங்களா?" என்றார் அம்மா.

"பால் இல்லைங்களா?"

"இல்லை."

மடத்தில் பாலுக்குப் பஞ்சம் வந்து அவர் பார்த்ததில்லை. ஆனால் அதைக் கேட்கிற மனநிலையில் அவர் வரவில்லை. காப்பியை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒரு சந்தேகங்க."

"கேளுங்க."

"தப்பே பண்ணாதவன் மேல விட்ட சாபம் பலிக்குங்களா?"

அம்மா ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்தார்.

"யாரு விட்டா?"

"பூவாயி."

பூவாயியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சின்ன வெங்காயமும் பூண்டும் விற்கிறவள். புருஷன் போனபிறகு அவளாகவே கற்றுக்கொண்ட தொழில். வண்டி மேல் கட்டிய ஸ்பீக்கரில் ஒலிப்பதும் அவள் குரல்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு மடத்துக்கு வந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்குவாள். மிச்சமான வெங்காயத்தை மூட்டையோடு கொண்டுவந்து போடுவாள். காசு கொடுத்தால் வாங்க மாட்டாள்.

"அவ எதுக்குச் சாபம் விட்டா?"

"வண்டியைத் தூக்கிட்டாங்கம்மா."

"யாரு தூக்கினா?"

"கம்பெனியில."

"கம்பெனியில யாரு?"

தணிகாசலம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஆளுகதாங்க. நாலு தவணை நின்னுபோச்சு. வெங்காயம் விலை விழுந்துடுச்சுங்களே. புதன்கிழமை சந்தையில வச்சு எடுத்தாங்க."

"லோடோடயா?"

"லோடை இறக்கி ரோட்டோரமா வச்சுட்டாங்க. வண்டிதான் எங்களுக்கு அடமானம், வெங்காயம் இல்லைங்களே. அந்த விஷயத்துல நாங்க ரொம்பச் சுத்தம்."

அதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடுத்தவர் பொருளைத் தொடாத கம்பெனி அல்லவா.

"அப்புறம்?"

"வியாழக்கிழமை ஆபீஸுக்கு வந்துட்டா. வாட்ச்மேன் உள்ள விடலை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஏசி ரூம், ஒண்ணும் கேக்கலை. வாயில அடிச்சுக்கறா, வானத்தைப் பார்த்து என்னமோ சொல்றா. குனிஞ்சு ரெண்டு கையாலயும் மண்ணை வாரினா."

"வாரி?"

"அதுக்கு மேல பார்க்கலைங்க. பின்பக்கமா இறங்கிப் போயிட்டேன்." அவர் குரல் தழுதழுத்தது. "என் மகளுக்கு இது எட்டாம் மாசங்கம்மா. அந்த மண்ணைப் பார்த்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. ஒரு பொம்பள வயிறெரிஞ்சு வாசல்ல மண்ணை வாரித் தூத்தினா சும்மா போகுங்களா?"

மகள் மேல் அவர் உயிரையே வைத்திருந்தார். பொய்யில்லை.

"நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?"

"ஒண்ணுமே பண்ணலைங்க. அதுதான் கேக்கறேன்."

அம்மா மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

தணிகாசலம் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். சட்டத்தைப் பற்றிப் பேச அவருக்கு எப்போதுமே பிடிக்கும்.

"கடன் வாங்கறவங்களுக்கு வட்டி, பைல் சார்ஜ், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் சேர்த்து, உண்மையில வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஆகுதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கணும். அவங்களுக்குப் புரியற மொழியில கொடுக்கணும். விதி அது. நான் கொடுத்தேன். தமிழ்லயே கொடுத்தேன். வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்தும் வாங்கினேன்."

"அந்தத் தாள்ல எவ்வளவு போட்டிருந்துச்சு?"

"பத்தொன்பதரை."

"வாயால எவ்வளவு சொன்னீங்க?"

"ஒன்பது."

ஒரு காக்கை பாத்தியில் இறங்கித் தண்ணீர் குடித்தது. அம்மா அதை விரட்டவில்லை.

"ஒன்பது எப்படிப் பத்தொன்பதரை ஆச்சு?"

"அது கணக்குங்கம்மா. உங்களுக்கு எப்படிச் சொல்றது..."

"அண்டாக் கணக்கு எனக்கு வரும். அப்படிச் சொல்லுங்க."

அம்மா மடத்துக்கு வருவதற்கு முன், ஆத்தூரில் பாத்திரம் வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டின் மருமகளாக இருந்தவர். அண்டா, குண்டா, ஜமுக்காளம் என்று எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவர்.

"ஒருத்தர் விசேஷத்துக்குப் பத்து அண்டா எடுத்துட்டுப் போறார். தினம் ஒரு அண்டாவாத் திருப்பிக் கொண்டாந்து கொடுக்கறார். கடைசி நாள் அவர் வீட்டுல எத்தனை அண்டா இருக்கும்?" என்று அம்மாவே ஆரம்பித்தார்.

"ஒண்ணு."

"அன்னிக்கு எத்தனை அண்டாவுக்கு வாடகை கேக்கணும்?"

"ஒண்ணுக்குத்தாங்க."

"கூட்டுறவு சொசைட்டியில கடன் வாங்கினா எத்தனைக்குக் கேப்பாங்க?"

"ஒண்ணுக்குத்தான் கேப்பாங்க. மிச்சமிருக்கிற அசலுக்கு மட்டுந்தான் அங்க வட்டி."

"உங்க ஆபீஸ்ல?"

தணிகாசலம் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"பத்துக்கும்."

"திருப்பிக் கொடுத்த ஒன்பதுக்கும் சேர்த்து."

"ஆமாங்க. எடுத்தது பத்துதானேன்னு ஒரு கணக்கு."

"பத்தையும் முழுசா எடுத்துட்டுப் போக விடுவீங்களா?"

"அது... பைல் சார்ஜ், இன்சூரன்ஸ், டாக்குமென்ட் செலவுன்னு முன்னாடியே பிடிச்சுக்குவோம்."

"அப்ப வீட்டுக்கே போகாத அண்டாவுக்கும் அவர் வாடகை கட்டணும்."

"அப்படிச் சொன்னா ஒரு மாதிரி இருக்குதுங்க."

"எப்படிச் சொன்னா நல்லா இருக்கும்?"

"வட்டி ஒன்பதுதான்னு சொன்னா நல்லா இருக்கும்," என்றார் தணிகாசலம். சொன்னபிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்பது அவருக்கே கேட்டது. "ஆனா பொய்யில்லைங்கம்மா. ஒன்பதுன்னும் ஒரு கணக்குல சரிதான். பத்தொன்பதரைன்னும் சரிதான்."

"அவ கேட்டாளா?"

"எதைங்க?"

"எது கம்மின்னு."

தணிகாசலம் வேட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார். வெயில் கிணற்றுச் சுவரைத் தாண்டி இறங்கியது.

"கேட்டா," என்றார் தணிகாசலம்.

"எங்க வச்சு?"

"இங்கதான். பௌர்ணமி பூசை முடிஞ்சு பிரசாதம் வாங்கிட்டு நின்னோம். அப்பக் கேட்டா. 'அண்ணா, சொசைட்டியில பதினாலுங்கறாங்க, நீங்க ஒன்பதுங்கறீங்க, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் ஓடாது, எதுண்ணா கம்மி?' அப்படின்னா."

"நீங்க?"

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். 'ஏம்மா, ஒன்பது பெரிசா, பதினாலு பெரிசா?' அப்படின்னேன்."

"அவ?"

"'பதினாலுதாண்ணா பெரிசு'ன்னா. 'அப்ப நீயே சொல்லிட்டியே'ன்னேன். அவளும் சிரிச்சா."

"பொய் சொல்லலை."

"ஒரு வார்த்தை சொல்லலைங்க."

"கேள்விதான் கேட்டீங்க."

"ஆமாங்கம்மா. நீங்க எங்ககிட்டக் கேக்கற மாதிரிதான்."

அம்மாவின் முகம் மாறியதை அவர் கவனித்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகம் அப்படிக் கறுத்து அவர் பார்த்ததில்லை. ஏன் என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை.

அம்மா கேட்டார். "அவளுக்குப் படிக்கத் தெரியுமே. தாளை ஏன் படிக்கலை?"

"யாருமே படிக்க மாட்டாங்க. கையெழுத்து நிறைய இருக்குங்களே."

அந்தக் கையெழுத்து வாங்குகிற வேலையில் தணிகாசலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. தாள் கட்டை விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொன்றிலும் அடிப்பகுதி மட்டும் தெரிகிற மாதிரி வைப்பார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி முன்கூட்டியே போட்டிருக்கும். கடன்காரர் குறியை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் தாளை உருவ வேண்டும். மேனேஜர் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது யார் உருவுவார்கள்? இதை அவர் அம்மாவுக்குக் கையால் விரித்தே காட்டினார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்.

"பூவாயி தாளைத் தொடக்கூட இல்லைங்க. 'நீங்க காட்டற இடத்துல போடறேண்ணா'ன்னு போட்டுட்டா."

"ஏலம் எப்ப?"

"திங்கட்கிழமை. நிலுவை, வண்டி தூக்கின செலவு, வண்டியை நிறுத்தி வச்ச யார்டு வாடகை எல்லாம் கட்டினா விட்டுடுவாங்க. எங்க கட்டறது? வியாழக்கிழமை கொஞ்சம் பணத்தோடதான் வந்தாளாம். பாதிக்குக்கூடப் பத்தலைன்னு கேஷியர் திருப்பிட்டாராம். அதுவும் எங்க புரட்டினாளோ."

"இங்கதான் புரட்டினா," என்றார் அம்மா. "ரெண்டு மாட்டுக்கும் அவ்வளவுதான் விலை வந்துச்சு."

தணிகாசலம் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். முளைக்குச்சியில் கயிறு மட்டும் சுற்றிக் கிடந்தது. கடுங்காப்பி எதற்கு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"எதுக்குங்கம்மா நீங்க போயி..."

"உங்களை முன்வரிசையில உட்கார வச்சது யாரு? நான்தானே. அதைப் பார்த்துத்தான் அவ உங்களை நம்பினா. என் பங்கை நான் கொடுக்க வேண்டாமா?"

தணிகாசலத்துக்கு நெஞ்சு வலித்தது. வலித்தது என்னவோ நிஜம். ஆனால் வலித்துக்கொண்டிருக்கும்போதே, வந்த காரியம் இன்னும் முடியவில்லையே என்றும் மனசின் ஒரு மூலையில் ஓடியது. மனுஷ மனசு அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

"அம்மா, அந்தச் சாபம்..."

"சொல்றேன். அதுக்கு முன்னால உங்க தீட்சையை முடிச்சுடலாம்."

அவர் காதுகளை அவரால் நம்ப முடியவில்லை. தீட்சை கொடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அம்மா தள்ளிக்கொண்டு வந்தார். இந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு. அதற்குள் தீட்சையும் கிடைத்துவிட்டால் வேறென்ன வேண்டும்? குருவின் கை தலையில் பட்டவனை எந்தச் சாபம் தீண்டும் என்றும் அவர் ஒரு கணக்குப் போட்டார்.

"கிணத்தடியில குளிச்சுட்டு ஈரத்தோட கூடத்துக்கு வாங்க."

தணிகாசலம் வாளி வாளியாகச் சேந்தி ஊற்றிக்கொண்டார். குளிரில் பல் கிட்டியது. பஞ்சாட்சரத்தைச் சொல்லிக்கொண்டே ஈர வேட்டியோடு கூடத்துக்குள் நுழைந்தார்.

விளக்கு ஏற்றியிருந்தது. விளக்குக்கு முன்னால் ஒரு மணைப்பலகை. பலகை மேல் நாலைந்து தாள்கள். அவர் குளித்து வருவதற்குள் தயாராகியிருந்தன. அம்மா அவற்றை விசிறி மாதிரி விரித்து, அடிப்பகுதி மட்டும் தெரிய வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

தணிகாசலம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தம்மைக் கேலி செய்கிறார் அம்மா என்று நினைத்தார். சீடனிடம் குரு விளையாடுவது வழக்கம்தானே.

"இது என்னங்கம்மா?"

"குருகிட்ட வர்றவன் கையில அள்ளிக்கிட்டு வரணுமா, விட்டுட்டு வரணுமா?"

"விட்டுட்டுத்தாங்க வரணும்."

"அப்ப நீங்களே சொல்லிட்டீங்களே."

இந்த வார்த்தையைச் சற்றுமுன் வரப்பில் உட்கார்ந்து தாமே சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் காது அடைத்துப் போயிருந்தது. பேனாவை வாங்கினார். முதல் தாளில் போட்டார். இரண்டாவதில் போட்டார். மூன்றாவதைத் தொடும்போது, மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா என்று கை ஒரு கணம் தயங்கியது. அம்மா எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தயங்கியதற்காகத் தணிகாசலம் தம்மையே கடிந்துகொண்டு, எல்லாத் தாளிலும் போட்டு முடித்தார். தலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் ஒரு கையெழுத்து மட்டும் லேசாகக் கரைந்தது.

அம்மா மூன்றாவது தாளை உருவினார். படித்தார்.

"பணி ஓய்வில் எனக்கு வரவேண்டிய தொகை முழுவதையும் பூவாயியின் வண்டிக் கடனுக்குக் கம்பெனியே எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். கடன் போக மிஞ்சுவதையும் பூவாயியிடமே கொடுத்துவிடவும். இதை என் சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன். இப்படிக்கு, தணிகாசலம்."

தணிகாசலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மா! என்னங்கம்மா இது?"

"தமிழ்லதான் எழுதியிருக்கேன்."

"அது என் வாழ்நாள் உழைப்புங்க! மேல் மாடி பாதியில நிக்குது. மகளுக்குப் பிரசவச் செலவு இருக்குது. இதை நம்பித்தான் நான்..."

"பூவாயியும் வண்டியை நம்பித்தான் இருந்தா."

"நீங்க என்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"தாள் உங்க முன்னாலதானே இருந்துச்சு? கையைப் பிடிச்சுத் தடுத்தேனா?"

"தடுக்கலைங்க, ஆனா..."

"படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க."

"பின்னே ஏன் படிக்கலை?"

தணிகாசலம் கைகூப்பினார். "உங்க முன்னால உட்கார்ந்து உங்க தாளைப் படிச்சா, உங்களைச் சந்தேகப்படற மாதிரி ஆயிடாதுங்களா? அது மரியாதையா? அதனாலதாங்க படிக்கலை."

அம்மா தாளைப் பலகையில் வைத்தார். அவர் சொன்னதை அவரே கேட்டு முடிக்கட்டும் என்று விட்டுவிட்டவர் போலிருந்தார். தணிகாசலமோ அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

"இது மோசடிங்கம்மா," என்றார். குருவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"எந்த விதியை மீறினேன்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். எத்தனையோ பேரிடம், இதே கேள்வியை இதே நிதானத்தோடு கேட்டிருக்கிறார். யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

அம்மா அந்தத் தாளை மணைப்பலகையில் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில இதை உங்க ஆபீஸ்ல கொடுத்தீங்கன்னா வண்டி அவ வீட்டுக்கு வந்துடும். வேண்டாம்னா கிழிச்சுடுங்க."

"கிழிக்கலாமுங்களா?"

"உங்க இஷ்டம்."

தணிகாசலம் தாளை எடுத்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், உடனே கிழித்துவிடவில்லை. பூவாயியை நினைத்தார். ரோட்டோரத்தில் கொட்டிக் கிடந்த வெங்காயத்தை நினைத்தார். இத்தனை நாள் வேலை பார்த்ததில் எத்தனை பூவாயிகளுக்குத் தாள் விரித்தோம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை வளர விட்டால் எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ என்று பயந்தார். மேல் மாடியை நினைத்தார். மகளை நினைத்தார். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவர்களும் வாசலில் வந்து நிற்க மாட்டார்களா என்று நினைத்தார். இந்தக் கடைசி நியாயம் அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

கிழித்தார்.

நான்காகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, பொடிப்பொடியாக்கினார். அந்தத் துண்டுகளைக்கூட அங்கே போட மனசு வரவில்லை. யாராவது ஒட்டிப் பார்த்துவிட்டால்? இடுப்பு மடிப்பில், ஈரத்தோடு ஈரமாகச் செருகிக்கொண்டார்.

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தணிகாசலத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"புரிஞ்சுதுங்கம்மா," என்றார் மெல்ல. "பூவாயிக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பப் புரிஞ்சுது."

"புரியலை. அவகிட்ட யாரும் தாளைக் கொடுத்து, வேண்டாம்னா கிழிச்சுடுன்னு சொல்லலை."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். தீட்சையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்கிற அளவுக்காவது தெரிந்திருந்தது. மற்ற தாள்களை அம்மா ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவற்றில் வெறும் குறிகளும் அவருடைய கையெழுத்துகளும் தவிர ஒன்றுமே எழுதியிருக்கவில்லை என்பதைத் தணிகாசலம் அப்போதுதான் பார்த்தார்.

போய்விடலாம் என்று எழுந்தார். கூடத்து வாசல் வரை போனார். அங்கேயே நின்றுவிட்டார். இப்போது பயம் முன்னைவிட அதிகமாகிவிட்டது. தெரியாமல் செய்ததற்கே அப்படி என்றால், தெரிந்தே கிழித்ததற்கு என்ன கேடு வருமோ என்று உடம்பு நடுங்கியது. ஈர வேட்டியால் நடுங்கியது என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் சொல்லியிருப்பார்கள்.

"அம்மா."

"சொல்லுங்க."

"நீங்க இன்னும் பதில் சொல்லலைங்களே. அவ விட்ட சாபம் என் மகளுக்குப் பலிச்சுடுங்களா?"

அம்மா விளக்குத் திரியைச் சற்றுத் தூண்டிவிட்டார்.

"வியாழக்கிழமை உங்க ஆபீஸ்ல இருந்து பூவாயி நேரா இங்கதான் வந்தா. தலை பூரா மண்ணு. கிணத்தடியில உட்கார வச்சு நான்தான் கழுவிவிட்டேன்."

"தலையிலயா? யாரு தலையில?"

"அவ தலையில. உங்க வாசல்ல ஒரு துளி மண்ணைக்கூட அவ போடலை. 'அண்ணன் எதிர்ல வச்சுத் தாளைப் படிச்சா மரியாதையா இருக்காதுன்னு நெனச்சேனே, பாவி நான், வெளங்காத கை இது, வெளங்காத கை'ன்னு தன் கையைத்தான் அடிச்சுக்கிட்டா. உங்களை ஒரு வார்த்தை சொல்லலை. 'அண்ணன் நல்லவருங்கம்மா, அவரு என்ன பண்ணுவாரு, படிக்காமப் போட்டது நான்தானே'ன்னு என்கிட்டச் சொல்லி அழுதா."

தணிகாசலம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாமப் போங்க," என்றார் அம்மா. "உங்க மகளுக்கு ஒண்ணும் வராது. உங்களை யாரும் சபிக்கவே இல்லை."